பில்லு கொண்டாருத பேய்

ஏலே பேராண்டி, சிகாகோவுல டியர்பார்ன் தெருவுல கோட்டை கணக்கா ஒரு கல்லுக் கட்டடம் இருக்காம்லா, அதுக்குள்ள ராத்திரி ஆட்டம்பாட்டமாம், சேக்காளிகளோட போறியாம்லா. உங்க அம்மை ஒரே அழுகை. நீ குடிப்பேன்னு இல்லலே, அங்க பேய் இருக்காம்! திருநீத்துப் பொட்டலம் கூரியர்ல வருது.

போயிட்டு வா. யாரு இடம்னு மட்டும் தெரிஞ்சுக்கோ. அது சிகாகோ வரலாற்றுச் சங்கத்து வீடு. 1871-ல ஊரே எரிஞ்சப்போ அவங்க பழைய கட்டடமும் போச்சு. அடிமைகளை விடுவிச்சு லிங்கன் கைப்பட எழுதின காகிதமும் உள்ளேயே சாம்பல். சூடுபட்ட பூனைல்லா? 1892-ல ஹென்றி ஐவ்ஸ் காப் போட்ட பிளான்படி, தீ அண்டாதபடிக்கு இந்தக் கல்லை அடுக்க ஆரம்பிச்சாங்க. சங்கம் வேற இடம் போன பொறவு கட்டடம் பல கை மாறி, 1985-ல லைம்லைட், அடுத்து எக்ஸ்கேலிபர், 2018-ல தாவோ. போர்டுதான் மாறுது. பேய் நிரந்தர உத்தியோகம்.

அந்தப் பேய்க்கு ஒரு கதை கட்டியிருக்கான் பாரு! 1915-ல ஈஸ்ட்லாண்டுங்கிற கப்பல், பிக்னிக் கிளம்பின கம்பெனி ஆளுகளோட ஆத்துக் கரையோரத்துலயே குடைசாஞ்சு 844 பேரு செத்தாங்க. பச்சைப்புள்ளைங்க எத்தனை! பொணங்களை இங்கனதான் கிடத்துனாங்கம்பான். நம்பாத. கிடத்தினது மேற்குப் பக்கம் இருந்த ராணுவக் கொட்டடியில. பிற்காலம் ஓப்ரா வின்ஃப்ரே டிவி ஸ்டுடியோ வச்சாங்களே, அதே இடம். அதையும் 2016-ல இடிச்சாச்சு. கதை மட்டும் ஆத்தைத் தாண்டி இங்க வந்து குந்திக்கிட்டு. வாசல்ல நிக்க தடியன் டிக்கெட் இல்லாம எப்படித்தான் உள்ள விட்டானோ!

தம்ளர் தானா நகருதாம்லா? நாலாவது ரவுண்டுக்கு மேல எல்லாத் தம்ளரும் நகரத்தான் செய்யும். பிடரியில குளுந்த காத்து பட்டா அண்ணாந்து பாரு, ஏசி இருக்கும். நம்ம சுடலைமாடன் கொடையிலயும் நடுராத்திரி, சாராயம், கொட்டு, ஆட்டம் எல்லாம் உண்டு. ஆனா ஒரு தம்ளருக்கு இவ்வளவுன்னு மாடன் ரேட்டு போட்டதில்ல.

பின்னால வந்து தோள்ல யாராவது கை வச்சா மட்டும் பயப்படு. அது பில்லு கொண்டாந்தவன். அதனால அம்மை அனுப்பின திருநீத்தை நெத்தியில பூசி வீணாக்காத. கிரெடிட் கார்டுக்கு ரெண்டு பக்கமும் பூசிக்கிட்டுப் போ.