கொசுறுக்குச் சண்டை, தவணைக்குச் சமாதானம்

நம் வீடுகளில் பட்ஜெட் கூட்டத்தொடர் காய்கறி வண்டிக்கு முன்னால்தான் நடக்கிறது. கொத்தமல்லிக் கட்டு இருபதா என்று அதிர்ந்து, பதினைந்துக்குப் பேசி முடித்து, கறிவேப்பிலையைக் கொசுறாக வாங்கிக்கொண்டு உள்ளே வருகிறவருக்கு நிதியமைச்சர் நடை வந்துவிடுகிறது. அதே வீட்டில் மாதம் பிறந்ததும் கார் கடன் தவணை சத்தமில்லாமல் கழிகிறது. அதனிடம் யாரும் பேரம் பேசுவதில்லை. மாறும் செலவோடு மல்லுக்கட்டுகிறோம், நிலையான செலவுக்கு எழுந்து நின்று வழிவிடுகிறோம். என் கட்சி, இது தலைகீழ் என்பதுதான். அந்த ஐந்து ரூபாய் பேரத்தில் தினமும் ஜெயித்தாலும் மாதத்துக்கு நூற்றைம்பதுதான் தேறும். வாரத்தில் ஒருநாள் கோயிலுக்குப் போய்வரும் காருக்கு அது ஒரு வாய் பெட்ரோல்.

சிறுதுளி பெருவெள்ளம் ஆகாதா என்பார்கள். ஆகும், துளி எங்கே விழுகிறது என்று பார்த்தால். மின்கட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,725 ரூபாய் வந்தது. 501 ஓடினால் 1,958. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். 500-ஐத் தாண்டிய குற்றத்துக்கு, 101 முதல் 200 வரை 2.25 ரூபாயாக இருந்த யூனிட்டும் 4.50 ஆகிவிட்டது. ஆகவே ரீடிங் எடுக்க ஆள் வரும் வாரத்தில் மீட்டரை எட்டிப் பார்ப்பது புத்திசாலித்தனம். 300 யூனிட்டோடு நிற்கிற வீட்டில் குளியலறை விளக்குக்காகக் குடும்பமே பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்வது வீண். 9 வாட் எல்.இ.டி. நூறு மணி நேரம் எரிந்தாலும் ஒரு யூனிட் ஆகாது.

நிலையான செலவை மாற்ற முடியாதே என்பது அடுத்த ஆட்சேபம். இந்த மாதம் முடியாதுதான். ஆனால் அது வானத்திலிருந்து விழவில்லை. ஒருநாள் யாரோ கையெழுத்துப் போட்டு வந்தது. கணக்குப் பார்க்கவேண்டிய நாள் அதுதான். சென்னை மாநகரப் பேருந்தில் விருப்பம்போல் பயணம் செய்ய 1,000 ரூபாய் மாதப் பாஸ் உண்டு. போக வர 50 ரூபாய் ஆகிறவருக்கு இருபதே நாளில் போட்ட காசு வந்துவிடும். 30 ரூபாய் ஆகிறவர் 34 நாள் போய்வர வேண்டும். எந்தக் காலண்டரிலும் அப்படியொரு மாதம் கிடையாது. அவரோ, காசு கொடுத்தாச்சே என்று ஞாயிற்றுக்கிழமை திருவான்மியூரிலிருந்து பாரிமுனை வரை போய், அங்கே பஜ்ஜி தின்றுவிட்டுத் திரும்புவார். பாஸ் நிலையான செலவு. பஜ்ஜி மாறும் செலவு.

மொய் மட்டும் இரண்டிலும் அடங்காது. தொகை நிலையானது, அவர்கள் நமக்கு எழுதியது நோட்டில் இருக்கிறது. தேதிதான் மாறும். ஆவணியில் நான்கு பத்திரிகைகள் சேர்ந்து வந்தால் அதை ‘எதிர்பாராத செலவு’ என்கிறோம், ஆவணி ஏதோ இந்த ஆண்டுதான் முதல்முறை வருவதுபோல. நோட்டைக் கூட்டி, பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் எடுத்து வைத்தால் தீர்ந்தது. திருப்பிச் செய்யும்போது கொஞ்சம் கூட்டித்தான் எழுதவேண்டும்; எவ்வளவு கூட்டி என்பதை ரிசர்வ் வங்கி சொல்லாது, வீட்டிலுள்ள அத்தையிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.