வாழத் தகுதியில்லை, வேடிக்கை பார்க்கலாம்

தனுஷ்கோடி மனிதர் வாழத் தகுதியற்ற ஊர். இதை நான் சொல்லவில்லை. அரசு சொன்னது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் வந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், தேவாலயம் என்று ஒரு ஊருக்கு இருக்க வேண்டிய பொதுக் கட்டடம் எல்லாம் ஒரே இரவில் கூரையை இழந்தன. தப்பிப் பிழைத்தவனுக்கு அரசு சொன்ன ஆறுதல் இந்த ஒரே ஒரு அறிவிப்புதான். அறுபது ஆண்டு தாண்டியும் அது அப்படியே உறுதியாக நிற்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் மராமத்தே இல்லாமல் இத்தனை காலம் தாக்குப்பிடித்த அரசுப் படைப்பு வேறு எதுவும் கிடையாது.

சரி, வாழத் தகுதியில்லை. வேறு எதற்கெல்லாம் தகுதி இருக்கிறது என்று பார்ப்போம். 2017 ஜூலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டருக்கு வழவழவென்று தேசிய நெடுஞ்சாலை திறந்தார்கள். ஆகவே கார் ஓட்டத் தகுதி உண்டு. சாலை முடியும் இடத்தில் சிங்கத் தூண் நிற்கிறது. ஆகவே படம் எடுக்கத் தகுதி உண்டு. 2025 ஜூனில் 524 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். ஆகவே பறவை வாழத் தகுதி உண்டு. பூநாரை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அது பாட்டுக்கு வருகிறது, சேற்றைக் கிளறுகிறது, போகிறது. அது மனுக் கொடுத்ததாகவும் தெரியவில்லை. மனுக் கொடுத்தவர்கள் அந்த மணலில் வலை இழுக்கிற மீனவர்கள். பட்டா கேட்டு அலைகிறவர்கள் அவர்கள். கெஜட்டில் இடம் கிடைத்தது நாரைக்கு.

ரயிலுக்கும் தகுதி இருப்பதாக ஒருமுறை கண்டுபிடித்தார்கள். 2019 மார்ச் முதல் தேதி, நாடாளுமன்றத் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால், ராமேஸ்வரம் - தனுஷ்கோடி ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார் பிரதமர். எங்கே நாட்டினார்? கன்னியாகுமரியில். தனுஷ்கோடிக்கான கல்லைக் கன்னியாகுமரியில் நாட்டினால் ரயில் எங்கே வரும்? எங்கும் வரவில்லை.

இதே ரயில்வே 1964 புயலுக்குப் பிறகு என்ன செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே புயல்தான் பாம்பன் பாலத்தையும் உடைத்தது. சீரமைக்க ஆறு மாதம் ஆகும் என்றார்கள். பிறகு மூன்று மாதம் என்றார்கள். இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரனிடம் வேலையை ஒப்படைத்தார்கள். 46 நாளில் பாலம் எழுந்து நின்றது. கடலுக்குள் விழுந்த இரும்பு கர்டர்களை மீனவர்கள் துணையோடு கண்டுபிடித்துத் தூக்கினார்கள். ஆக, இந்த நாட்டுக்கு வேலை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வேலை நன்றாகத் தெரியும். 46 நாளில் முடிக்கத் தெரியும். யாருக்காக முடிப்பது என்பதில்தான் வரிசை இருக்கிறது. பாலத்துக்கு 46 நாள். பாலத்தைத் தாண்டி இருந்த ஊருக்கு அறுபது ஆண்டும் போதவில்லை.

அந்தத் தேவாலயத்துக்குப் போய்ப் பாருங்கள். போயிருப்பீர்கள். நாம் எல்லோருமே போயிருக்கிறோம். கடலில் வெட்டியெடுத்த பவளக் கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு எழுப்பிய சுவர். கிட்டப் போனால் கல்லில் பூச்சி அரித்த மாதிரிப் பொடிப்பொடித் துளைகள் தெரியும். உப்புக்காற்று அரித்தது கொஞ்சம். மீதியை நம் ஆட்கள் அரித்தார்கள். பலிபீடம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் சாவிக்கொத்தால் கீறிய இதயம், அம்பு, இரண்டு இனிஷியல். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க ஒரு ஜோடி சுவரில் சாய்ந்து நிற்கிறது. கேமராக்காரர் "இன்னும் கொஞ்சம் சோகமா" என்கிறார். மணப்பெண்ணுக்குச் சோகம் வரவில்லை. வந்திருக்கலாம். பத்தடி தள்ளிச் சங்கு மாலை விற்கும் அம்மாளின் பாட்டன் பாட்டி இதே தேவாலயத்தில் மாலை மாற்றியிருக்கக்கூடும். அதையெல்லாம் சொல்ல அங்கே ஒரு பலகை கிடையாது.

மாலையானால் போலீஸ் வந்து எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடும். இருட்டினால் ஆபத்தாம். காரெல்லாம் போய்விடும். சங்கு விற்றவர்களும் மீன் வறுத்தவர்களும் அங்கேயே ஓலைக் குடிசைக்குள் படுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு ஆபத்து கிடையாது, ஏனென்றால் அரசுக் கணக்கில் அங்கே யாரும் வாழவில்லை. மணலில் கையால் ஊற்று தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புகிற பெண்கள் உண்டு. அவர்களைப் படம் எடுக்கிறவர்களும் உண்டு. குழாய் போடுகிறவர்கள்தான் குறைவு.

பாரம்பரியம் என்றால் நமக்கு ஆள் இல்லாத கட்டடம். ஆள் இருந்தால் அது ஆக்கிரமிப்பு.

இடிந்தது பழசு, விடுங்கள். புதிதாகக் கட்டியது என்ன ஆனது?

இந்தக் கடற்கரையில் எந்த ஊருக்குள் வேண்டுமானாலும் வண்டியைத் திருப்புங்கள். சமுதாயக்கூடம் இருக்கும். வலை பின்னும் கூடம் இருக்கும். ஏலக்கூடம் இருக்கும். மகளிர் சுகாதார வளாகம் இருக்கும். புயலுக்கு ஒதுங்க ஒரு கட்டடம் இருக்கும். கட்டடத்துக்குப் பஞ்சமே இல்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. பூட்டு.

ஒரு ஊரில் சமுதாயக்கூடத்தின் முன்னால் நின்றேன். ஊர்ப் பெயர் வேண்டாம், உங்கள் ஊராகவும் இருக்கலாம். கதவில் திண்டுக்கல் பூட்டு, துருவேறிச் சிவந்து கிடந்தது. படியில் வலை காய்ந்தது. வாசல் தூணில் கருங்கல் பலகை. அதில் அமைச்சர் பெயர், சட்டமன்ற உறுப்பினர் பெயர், கலெக்டர் பெயர், தலைவர் பெயர், மதிப்பீடு இத்தனை லட்சம். கட்டடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்துவிட்டது. பலகை பளபளவென்று இருந்தது. வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் சாவி யாரிடம் என்று கேட்டேன்.

"கிளார்க்குகிட்ட இருக்கு தம்பி."

"அவர் எங்கம்மா?"

"அவரு மூணு ஊரு பாக்குறாரு. செவ்வாக்கெழம வருவாரு. வந்தா வருவாரு."

"இதுல கல்யாணம் காட்சி எதுவும் நடக்குமா?"

"தொறந்த அன்னிக்கு மந்திரிக்குச் சாப்பாடு நடந்துச்சு."

இதற்கு மேல் ஒரு தணிக்கை அறிக்கை தேவையா?

முன்பாவது கேட்க ஒரு தலைவர் இருந்தார். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. தேர்தல் வரவில்லை. தனி அலுவலர் வந்தார். தேர்ந்தெடுத்தவரிடம் சாவி கேட்டால் "அடுத்த கூட்டத்தில் பேசலாம்" என்பார். தனி அலுவலரிடம் கேட்டால் "எந்தக் கட்டடம்?" என்பார்.

கட்டியது எப்படிப் பூட்டிக் கிடக்கிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. கட்டுவதற்குக் காசு உண்டு. கட்டியதைப் பெருக்க, வெள்ளையடிக்க, மோட்டார் ரிப்பேர் பார்க்க, கரண்ட் பில் கட்ட? அது ஊராட்சியின் தலையில். ஊராட்சியில் காசு ஏது? துடைப்பம் வாங்கிக் கொடுத்ததற்குக் கல்வெட்டு வைக்க முடியாது. ரிப்பன் வெட்ட முடியாது. ஆகவே துடைப்பத்துக்கு நிதி இல்லை. பழைய கூடம் ஒழுகினால் பக்கத்திலேயே புதுக் கூடம் எழும். அதற்கும் ஒரு பலகை வரும். ஒழுகுவதும் வரும்.

நூலகம்? அந்தக் கூத்தும் உண்டு. 2006 முதல் 2011 வரை அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் என்று 12,618 ஊராட்சிகளுக்கும் வகுத்தார்கள். ஊருக்கு ஒரு நூலகம். நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். 2011-ல் ஆட்சி மாறியது. புத்தகத்துக்குக் கட்சி உண்டு என்று அன்றுதான் நமக்குத் தெரிந்தது. எத்தனையோ ஊரில் பூட்டு விழுந்தது. கரையான் மட்டும் கட்சி பார்க்காமல் எல்லாவற்றையும் படித்து முடித்தது. 2021-ல் மறுபடி ஆட்சி மாறியது. திட்டத்தின் இரண்டாம் பாகம் வந்தது. சினிமாவுக்கு மட்டும்தான் இரண்டாம் பாகமா என்ன?

இப்போது கொஞ்சம் பழைய கதை. சேதுபதிகள் இந்தக் கடற்கரையை ஆண்டார்கள். ராமேஸ்வரத்துக்கு நடந்துபோகிற பரதேசிக்காகச் சேது பாதை நெடுக மடமும் சத்திரமும் கட்டினார்கள். அக்காள்மடம், தங்கச்சிமடம், முகுந்தராயர் சத்திரம் எல்லாம் அந்தக் காலத்தின் மிச்சம். மன்னர்களைப் பற்றிப் புல்லரிக்க எனக்கு ஆசையில்லை. வரி வாங்கினார்கள், சண்டை போட்டார்கள், ஒருவரை ஒருவர் கவிழ்த்தார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். எஸ்.எம். கமால் தொகுத்துத் தந்த சேதுபதி செப்பேடுகளைப் புரட்டினால் தெரியும். தர்மத்தை வைக்கும்போதே அது நடக்க எந்த ஊர், எந்த நிலம், எந்த வருமானம் என்று எல்லை சொல்லி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அடுப்பு எரிய விறகுக்கு வழி சொல்லாமல் சத்திரம் திறக்கவில்லை. கடைசியில், இதைக் கெடுத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று சாபமும் வைப்பார்கள். அந்தச் சாபத்தை நம் கருங்கல் பலகைகளிலும் பொறித்து, அது பலிக்கவும் செய்தால், டெண்டர் எடுக்க ஆள் கிடைக்காது.

சாபம் போய்ச் சட்டம் வந்தது. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க ஆணையம் அமைக்க வேண்டும் என்று 2012-ல் சட்டமன்றத்தில் சட்டம் போட்டார்கள். அமலுக்கு வந்தது 2024-ல். பன்னிரண்டு ஆண்டு. காக்க வேண்டிய கட்டடங்கள் அதுவரை மரியாதையாக விழாமல் காத்திருக்க வேண்டும். சில காத்திருந்தன. உதாரணமாக, ராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசம். தொல்லியல் துறை கையில் இருக்கிறது, சுவரில் ஓவியம் இருக்கிறது, மராட்டியரோடு நடந்த போர் இருக்கிறது, சேதுபதியைப் பார்க்க வந்த வெள்ளைக்காரன் தொப்பியோடு இருக்கிறான். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய இடம். காட்டுகிறோமா? சுற்றுலா பஸ் நேராக ராமேஸ்வரத்துக்குப் போய், இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நனைத்து, அரிச்சல்முனையில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துத் திரும்பிவிடுகிறது.

மண்டபம் முகாமையும் கணக்கில் சேருங்கள். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை அனுப்பும் முன் நோய் இருக்கிறதா என்று அடைத்துவைத்துப் பார்க்க வெள்ளைக்காரன் ஏற்படுத்திய இடம். அந்தக் கூலிகளின் வரலாற்றை இந்த இடத்தை விட்டுவிட்டு எழுத முடியாது. 1980-களிலிருந்து இலங்கைப் போருக்குத் தப்பி எதிர்த் திசையில் ஓடிவந்தவர்களை அதே இடத்தில் தங்கவைத்தோம். போனவனையும் அங்கே நிறுத்தினோம், வந்தவனையும் அங்கே நிறுத்தினோம். இந்தக் கடற்கரையில் ஒரு நூற்றாண்டாகப் பூட்டாமல் பயன்படுத்துகிற பொது இடம் எது என்றால், மனிதனை நிறுத்திவைக்கிற இதுதான்.

பூட்டிக் கிடக்காத கட்டடம் வேறு இல்லையா என்றால், உண்டு. தலைக்கட்டு வரி போட்டு ஊரே எழுப்பிய மாரியம்மன் கோயில், மாதா கோயில், பள்ளிவாசல். ஒரு மீனவர் ஊரில் இவற்றில் ஏதாவது ஒன்றைப் பாருங்கள். வாசல் கூட்டியிருக்கும். பல்பு எரியும். சாவி யாரிடம் என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் வீட்டைக் காட்டும். அதே ஜனங்கள்தான், அதே உப்புக்காற்றுதான். அங்கே கணக்கு ஊருக்கு முன்னால் வாசிக்கிறார்கள். பத்து ரூபாய் குறைந்தால் சட்டையைப் பிடிக்கிறார்கள். சமுதாயக்கூடத்தின் கணக்கை எந்த ஊருக்கு முன்னால் வாசித்தார்கள்? எவன் சட்டையைப் பிடிப்பது? சட்டை சென்னையில் இருக்கிறது.

இப்போது ராமநாதபுரத்துக்கு நாவாய் அருங்காட்சியகம் வருகிறது. 2025 பட்ஜெட்டில் 21 கோடி ரூபாய் என்று அறிவித்திருக்கிறார்கள். வரட்டும். அழகன்குளத்தில் ரோமானியக் காசு கிடைத்தது, கப்பல் படம் கீறிய பானை ஓடு கிடைத்தது. அவற்றை வைக்க ஒரு நல்ல வீடு வேண்டும்தான். கட்டுங்கள். பெரிதாகவே கட்டுங்கள். பலகையில் எத்தனை பேர் பெயர் வேண்டுமானாலும் போடுங்கள், இடம் போதாவிட்டால் பின்பக்கமும் எழுதுங்கள். இரண்டே வரி மட்டும் கூடுதலாகப் பொறித்துவிடுங்கள்: கரண்ட் பில் யார் கட்டுவது, புதன்கிழமை சாவி யாரிடம் இருக்கும்.