அடிதட்டுதல்: மந்தாரக்குப்பத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கார் நிலத்தைத் தொடும் இடம் நான்கு என்பது பொது விதி. ஐந்தாவதாக ஓரிடம் தொட்டால் அது அடிதட்டுதல். ஓசையால் அது மூவகைப்படும். 'சர்ர்ர்' என்றால் சைலன்சர். செலவு குறைவு, மானக்கேடு அதிகம். 'டொக்' என்றால் சேசிஸ். அதைப் பொருட்படுத்துவோர் இல்லை. 'டங்' என்றால் ஆயில் சேம்பர். இம்மூன்றாம் ஓசையைக் கேட்டவர் அங்கேயே நிறுத்துவதில்லை. கொஞ்ச தூரம் தள்ளிப்போய், ஒரு முந்திரி மர நிழலில் ஓரங்கட்டி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கையை ஊன்றி, கன்னம் மண்ணில் படும் அளவுக்குக் குனிந்து பார்ப்பார். அப்போது எங்கிருந்தோ வரும் ஒரு சைக்கிள்காரர், "ஆயில் ஒழுவுதா சார்?" என்று கேட்பது தவறாது. இந்தச் சைக்கிள்காரர் எங்கிருந்து வருகிறார் என்பது தனி ஆய்வுக்கு உரியது.

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் வடலூரைத் தாண்டினால் மந்தாரக்குப்பம். தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இந்தப் பக்கத்தின் தொழில். 1930களில் கிணற்றுக்குத் துளை போட்டபோது கரிய பொருள் ஒன்று மேலே வந்தது. 1957இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அந்தப் பழுப்பு நிலக்கரியின் மேல் படிந்து கிடக்கும் கடலூர் மணற்பாறை, ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத பக்கெட் வீலின் பற்களையே தேய்த்துத் தள்ளியது. அப்படிப்பட்ட மண்ணுக்கு ஒரு சேம்பர் எம்மாத்திரம்?

குற்றம் மண்ணுடையது மட்டுமல்ல. டிராக்டரும் டிப்பரும் போய்ப்போய் செம்மண் தடத்தில் இரண்டு பள்ளம் விழும். நடுவே மேடு கட்டிக்கொள்ளும். பள்ளத்தில் சக்கரம் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்கு மேடு சேம்பரை நோக்கி வரும். பெரிய வண்டி போட்ட தடத்தில் சின்ன வண்டி போனால் வரும் வினை இது.

இத்துறையின் அளவை செங்கல் ஆகும். படுத்த செங்கல் மூன்று அங்குலம், ஒருக்களித்தது நாலரை, நின்றது ஒன்பது. சாலை விதிகள் வகுக்கும் வேகத்தடையின் உயரம் 10 செ.மீ. என்பதால் அது ஒருக்களித்த செங்கலுக்குச் சற்றே குறைவு. நம் தெருக்காரர்கள் தாமாகவே போட்டுக்கொள்ளும் வேகத்தடைக்கு விதியும் இல்லை, செங்கல் கணக்கும் இல்லை.

முன்னோர் வழக்கைக் காண்போம். போர்ஷே நிறுவனம் 1978இல் கென்யாவின் சஃபாரி ராலிக்குத் தன் 911 காரைத் தரையிலிருந்து 28 செ.மீ. தூக்கி அனுப்பியது, நின்ற செங்கலுக்கு மேல் இன்னும் இரண்டு அங்குலம். அந்தக் காருக்கு ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குக் கம்பி. கம்பியைச் சில பல் தள்ளி மாட்டினால் உடம்பு மேலே ஏறும். இரண்டாம் இடம் கிடைத்தது. அதே ராலியை, பஞ்சாபி வம்சத்தவரான ஜோகிந்தர் சிங் என்ற கென்யாக்காரர், இத்தனை அட்டகாசம் இல்லாமல் 1965, 1974, 1976 என மூன்று முறை வென்றிருந்தார் என்பதையும் இவ்விடத்தில் பதிவுசெய்கிறோம். பெருமைக்காகத்தான்.

நம்மிடம் போர்ஷே போன்ற ஸ்போர்ட்ஸ் கார் ஏது? ஸ்டாண்டர்ட் ஹெரால்டு உண்டு. 1961 முதல் சென்னையில் ஓடத் தொடங்கிய இந்த 948 சி.சி. வண்டியை ஸ்போர்ட்ஸ் கார் என்பது தகுமோ எனின், தகும். என்னை? இங்கிலாந்தில் 1962இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்னும் அசல் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கிச் செய்தது. இரண்டையும் வரைந்தவர் மிக்கேலொத்தி என்ற ஒரே இத்தாலியர். தங்கைக்குள்ள பட்டம் அக்காளுக்கும் உண்டென்பது உறவுமுறை.

இனி உயர்த்தும் முறை. பட்டறையில் கேட்டால் "ஏத்திடலாம் சார்" என்பார்கள். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். முன்பக்கக் காயில் ஸ்பிரிங்குக்கு ஸ்பேசர் வைப்பார்கள்; பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டையைக் கழற்றி, அடித்து, வளைவு கூட்டுவார்கள். இந்தப் பட்டை வேலையை அம்பாசடருக்குச் செய்தால் உடம்பு ஏறுமே தவிர, அச்சோடு ஒட்டிய டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயர் ஒன்றுதான் வழி. காசு கொடுத்தவர் காரின் கூரையை மட்டும் உயர்த்திக்கொண்டார் என்பதே உண்மை.

ஹெரால்டு அப்படியல்ல. அதில் டிஃபரன்ஷியல் சேசிஸில் மாட்டியிருக்கிறது. அதன் தலைமேல் குறுக்கே ஒரு பட்டை, இருபுறமும் தனித்தனியாக ஆடும் அரை அச்சு. உடம்பு ஏறினால் எல்லாமே ஏறும். ஆனால் ஒவ்வொரு அரை அச்சும் டிஃபரன்ஷியல் ஓரத்தில் கதவு போலக் கீலிட்டிருக்கிறது. நடு ஏற ஏறச் சக்கரத்தின் அடி உள்ளே வாங்கும், தலை வெளியே சாயும். நேராக ஓட்டினால் டயரின் ஓர் ஓரம் மட்டும் தேயும். வளைவில் வேகமாகத் திருப்பினாலோ வெளிச்சக்கரம் இன்னும் மடங்கி, பின்பக்கம் எகிறி, வண்டி வந்த திசைக்கே முகம் திருப்பும். அம்பாசடர் தராத உயரத்தை ஹெரால்டு தந்துவிட்டு, பிடிமானத்தை வாங்கிக்கொள்கிறது.

மருந்து உண்டு. பின்னால் பாரம் ஏற்றினால் பட்டை தாழ்ந்து சக்கரம் நிமிரும். பக்கத்துப் பண்ருட்டியில் பலா சீசனில் இரண்டு முழுப்பழம் வாங்கி டிக்கியில் போடலாம். போதாவிட்டால் பின்சீட்டில் உறவினர் மூவர். சக்கரம் நிமிர்ந்துவிடும். அத்துடன், பின்னால் ஏற்றிய உயரமும் பழையபடி இறங்கிவிடும். நடுமேட்டில் மறுபடி 'சர்ர்ர்'. உயர்த்தியவர்கள் ஊருக்குள் எப்போதும் தனியாகவே ஓட்டிப்போவதன் காரணம் இதுவாக இருக்கலாம் என ஊகிக்கிறோம்.

கம்பெனிக்காரர்களே கடைசியில் இந்த அச்சைக் கைவிட்டார்கள். 1972இல் வந்த ஸ்டாண்டர்ட் கெசலுக்கு அம்பாசடர் போல விறைப்பான பின்னச்சுதான். நம் மெக்கானிக்குகளுக்குக் கீலச்சு பிடிக்கவில்லை என்பது காரணங்களுள் ஒன்று என்பர். பட்டறையின் கருத்து ஆலையின் வடிவமைப்பை மாற்றிய அரிய சான்று இது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. ஆர்.சி. புத்தகத்தில் வீல் பேஸ் உண்டு, எடை உண்டு, நிறம் உண்டு. தரையிலிருந்து உயரம் இல்லை. இல்லாத விவரத்துக்கு மாறுபடுவது எப்படி என்ற நுட்பமான வாதத்தை, செங்கல்லோடு போய் பிரேக் இன்ஸ்பெக்டர் முன் எடுத்துவைக்க விரும்புவோர் தம் சொந்தப் பொறுப்பில் செய்துகொள்ளலாம்.