எச்சவியல்: வீட்டில் பிரித்த கியர்பாக்ஸ் குறித்து

காரின் கியர்பாக்ஸை வீட்டு வாசலில் பிரித்து, மறுபடி பூட்டிய பிறகு தாம்பாளத்தில் தங்கிவிடும் உதிரி எச்சம் எனப்படும். தொல்காப்பியச் சொல்லதிகாரம் எச்சவியலோடு முடிகிறது. இந்த வேலையும் அவ்வாறே. எச்சம் இருவகைப்படும். செய்யும் வேலை தெரிந்தும் பெயர் தெரியாதது பெயரெச்சம். பெயர் தெரிந்தும் எங்கிருந்து என்ன வேலை பார்த்தது என்று தெரியாதது வினையெச்சம். இரண்டும் தெரியாததே தாம்பாளத்தில் பெரும்பான்மை. அதற்கு இலக்கணிகள் பெயர் வைக்கவில்லை. பிரித்தவர் வைக்கும் பெயர் அச்சில் வராது.

சொற்கள் புணரும்போது நேரும் மாற்றத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாக்கிச் சொல்வது மரபு. வீட்டில் பூட்டிய கியர்பாக்ஸின் கோளாறும் இம்மூன்றில் அடங்கும். அதற்கு முன், கோளாறு கியர்பாக்ஸில்தான் இருக்கிறதா என்று பார்ப்பது முறை. இஞ்சின் அணைந்திருக்கையில் எல்லாக் கியரும் விழுந்து, ஓடுகையில் எதுவும் விழாமல் கறகறத்தால் குற்றம் கிளட்சுடையது. மிதித்தும் அது விடவில்லை. நியூட்ரலில் இரைந்து, கிளட்சை மிதித்ததும் அடங்கும் சத்தம் பெரும்பாலும் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கின் சத்தம். மிதிக்கும்போது மட்டும் எழுந்தால் ரிலீஸ் பேரிங். ரிவர்ஸில் மட்டும் கேட்கும் ஊளை நோயே அன்று. முன்கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. பெரும்பாலான வண்டிகளில் ரிவர்ஸின் பல் நேராக வெட்டப்பட்டது, ஆகவே ஊளை அதன் பிறவிக்குணம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த பழைய அம்பாசிடரில் முதல் கியருக்கு, வேகங்களைச் சமப்படுத்தும் சிங்க்ரோ கிடையாது. வண்டி உருளும்போது அதில் போட்டால் கறகறக்கத்தான் செய்யும். இந்தச் சோதனைகளுக்கு ஸ்பேனர் தேவையில்லை, கால் மணி நேரம் போதும். அதனால்தான் யாரும் செய்வதில்லை. முதலில் பிரித்துவிடுவதே வழக்கம்.

கெடுதலாவது இருக்க வேண்டியது இல்லாமற்போவது. இதில் தலையாயது பால்ரஸ். ஒவ்வொரு செலக்டர் ராடிலும் சிறு பள்ளங்கள் உண்டு. ஸ்பிரிங் முதுகில் அழுத்த, ஓர் எஃகுக் குண்டு அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து, போட்ட கியரைப் போட்ட இடத்தில் நிறுத்துகிறது. குண்டு மிஞ்சினால் நோய்க்குறி தெளிவு: மேட்டில் ஏறி ஆக்சிலரேட்டரிலிருந்து காலெடுத்ததும் லிவர் தானே கழன்று நியூட்ரலுக்கு வரும். ராடை உருவும் கணத்தில் குண்டு தாம்பாளத்தில் விழுவதில்லை, பறக்கிறது. கிடைக்குமிடம் சாக்கடை, செம்பருத்தித் தொட்டி, பிள்ளையின் பென்சில் டப்பா. சொல்லுக்குள் இல்லாத பொருளைச் சொல்லுக்கு வெளியே தேட வைப்பதால் இதை அன்மொழித்தொகையில் அடக்குவதே பொருத்தம். ராடை உருவுமுன் துளையின் வாயில் கழிவுத் துணியை வைத்துப் பிடித்தால் தேட வேண்டியதில்லை என்பது ஷெட்டுகளில் பையன்களுக்கும் தெரிந்த செய்தி.

இன்டர்லாக் பின் இதைவிடச் சிறியது, இதைவிடக் கொடியது. ஒரு ராடு நகரும்போது மற்ற ராடுகளை நகரவிடாமல் பூட்டுவது அதன் தொழில். அது தாம்பாளத்தில் கிடந்தால் கியர்பாக்ஸ் ஒரே சமயத்தில் இரண்டு கியரை ஏற்றுக்கொள்ளும். இரண்டு வேறு வேகத்தில் சுற்றச் சொன்னால் ஷாஃப்ட் எதையும் சுற்றாது, பூட்டிக்கொள்ளும். ஓடும் வண்டியில் இது நேர்ந்தால் சக்கரமும் அப்படியே நின்றுவிடும். ஆகவே பூட்டிய கியர்பாக்ஸை வண்டியில் ஏற்றுமுன் பெஞ்சிலேயே ஒவ்வொரு கியராகப் போட்டுக் கையால் சுற்றிப் பார்ப்பது கட்டாயம். கை வலிக்கும் பகுதி இது அன்று. ஏற்றியதை மறுபடி இறக்குவதுதான் அது.

த்ரஸ்ட் வாஷர் மிஞ்சினால் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நடமாடும். ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போதெல்லாம் லிவரும் அதற்கேற்பத் தலையாட்டும். ஆயில் ஊற்ற மறப்பதையும் கெடுதலில் சேர்க்கலாம். அதற்குத் தாம்பாளத்தில் சாட்சி இராது, திறக்காத டின்னே சாட்சி.

திரிதல் என்பது எல்லாம் உள்ளே போயும் திரும்பி உட்கார்ந்திருப்பது. தாம்பாளம் காலி, பிரித்தவர் முகத்தில் நிறைவு, ஆகவே கண்டுபிடிக்க அரியது. கிளட்ச் பிளேட்டைத் திருப்பி மாட்டினால் அதன் நடுப்பகுதி ஃப்ளைவீலில் முட்டி, கிளட்ச் விடாது. சிங்க்ரோ ஹப்பும் ஸ்லீவும் பார்வைக்கு இருபுறமும் ஒன்றுபோல் இருக்கும், ஆனால் பலவற்றில் ஒருபுறம் மட்டும் சரிவு கூடுதல். மாற்றிப் போட்டால் கியர் விழாது, அல்லது விழுந்தது தங்காது. பிரிக்குமுன் பெயிண்டால் ஒரு புள்ளி வைக்காதவர் இதை இரண்டாம் முறை பிரித்து அறிகிறார்.

திரிதலுக்கு உச்சம் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் உண்டு. அதன் டிஃபரென்ஷியலைப் புறம் மாற்றிப் பூட்டினால் முன்னே செல்ல ஒரு கியரும் பின்னே செல்ல நான்கும் கிடைக்கும். உதிரி ஒன்றும் மிஞ்சாது, சத்தம் ஒன்றும் எழாது. வண்டி பழுதின்றி, உரிய வேகத்தில், வீட்டுச் சுவரை நோக்கிப் போகும்.

சிங்க்ரோ ரிங் திரிவதில்லை, தேய்கிறது. ஆயினும் தனியே சொல்லத் தக்கது. 1928இல் காடிலாக் கார்களில் சிங்க்ரோ வருமுன், கியர் மாற்ற ஓட்டுநர் இருமுறை கிளட்சை மிதித்து வேகங்களைச் சமப்படுத்த வேண்டியிருந்தது. அந்த வேலையை இன்று இந்தப் பித்தளை வளையம் உரசிச் செய்கிறது. வளையத்தைக் கியரின் கூம்பில் கையால் அழுத்தி, இடைவெளியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். அளவு வண்டிக்கு வண்டி மாறும். அரை மில்லிமீட்டருக்கும் கீழே போயிருந்தால் அநேகமாக வளையத்தின் காலம் முடிந்தது. பேரிங், ஆயில் சீல் எல்லாம் மாற்றிவிட்டு, பார்க்கப் பளபளக்கிறது என்று பழைய வளையத்தையே போடுவது வீட்டுச் சிக்கனம். ஆயிலிலும் வேறுபாடு உண்டு: ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால், அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கக்கூடும்; வழுக்கல் கூடுவதால் வளையத்தின் பிடியும் குறையும்.

தோன்றல் என்பது உள்ளே என்றுமே இல்லாத ஒன்று தாம்பாளத்தில் இருப்பது. கையேடுகளில் அரிது, வாசலில் அரிதன்று. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, நடுவில் நட்சத்திர வடிவத் துளையுள்ள ஒரு வட்டப் பித்தளை வில்லை. பித்தளை என்பதால் சிங்க்ரோ இனம் என்றும், நட்சத்திரத் துளை என்பதால் பல்வெட்டிய ஷாஃப்டில் ஏறுவது என்றும் ஊகித்து, பூட்டிய கியர்பாக்ஸை மீண்டும் பிரித்துத் தேடுவது இவ்வகையின் இயல்பு. மதில்மேல் சாய்ந்து நிற்கும் உரையாசிரியருள், அது மூன்றாம் கியருக்கு உரியது என்பார் ஒரு சாரார், டாப் கியருக்கு என்பார் மறுசாரார். தாம்பாளம் சமையலறையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை இரு சாராரும் கருதுவதில்லை. தீபாவளிக்கு முந்திய வாரம் முறுக்கு உழக்கின் ஒற்றை அச்சைக் காணோம் என்று உள்ளேயிருந்து குரல் எழும்போது, கியர்பாக்ஸ் மூன்றாம் முறையாகப் பிரித்துக் கிடக்கிறது.