தண்டோரா எல்லை தாண்டாது

கேள்வி: ஆலையின் புது ஷெட்டுக்குத் தனி விலான் பிரித்தோம். அன்று முதல் அங்குள்ள கணினிகள் எல்லாம் 169.254 என்று தொடங்கும் முகவரியையே காட்டுகின்றன. பழைய கட்டிடத்தில் டிஹெச்சிபி சர்வர் நலமாகத்தான் இருக்கிறது. என்ன கோளாறு?
- வாசகர், பேரிகை

பதில்: சர்வர் நலம்தான், சேதி போய்ச் சேரவில்லை. 169.254 என்பது யாரும் பதில் தராதபோது கணினி தனக்குத்தானே சூட்டிக்கொள்ளும் பெயர். முகவரி கேட்டு அது போடுவது தண்டோரா. பேரிகையில் அடித்தால் மாலூரில் கேட்குமா? விலானோடு நின்றுவிடும்.

சுவிட்சில் டிஹெச்சிபி ரிலே போடுங்கள். சிஸ்கோ என்றால் ‘ஐபி ஹெல்பர்-அட்ரஸ்’, பக்கத்தில் சர்வரின் ஐபி, ஒரே வரி. அதைப் புது விலானின் இன்டர்ஃபேஸில் எழுத வேண்டும். சர்வர் இருக்கும் விலானில் எழுதிவிட்டு சர்வரைத் திட்டுபவர்கள் அநேகம். ரிலே தன் ஐபியைக் கோரிக்கையில் குறித்து, நேராக சர்வருக்கே அனுப்பும். அதைப் பார்த்துத்தான் எந்த ஸ்கோப்பிலிருந்து கொடுப்பது என்று சர்வர் தீர்மானிக்கும். ஆகவே புது விலானுக்கு ஸ்கோப் உண்டா, பதில் திரும்பி வர ரூட் உண்டா, ஃபயர்வாலில் யுடிபி 67 திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகும் உங்கள் ஸ்கோப்பில் இல்லாத ஏதோ 192.168 முகவரி வருகிறதா? யாரோ வீட்டு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார். சுவிட்சை விடுங்கள், ஆளைப் பிடியுங்கள்.