மார்கழித் தூண்டிலில் குரங்குக் குல்லாவின் இடம்: ஒரு திணை ஆய்வு

சென்னைக் கடற்கரையில் மார்கழி, தை மாதங்களில் விடியுமுன் தூண்டிலோடு நிற்பவர்களை இரண்டு இனமாகப் பிரிக்கலாம்: குரங்குக் குல்லா அணிந்தோர், அணியாதோர். மீன் பெரும்பாலும் இரண்டாம் இனத்தாரிடமே அகப்படுகிறது. கம்பளியின் எடையும் கூடையின் எடையும் எதிர்விகிதத்தில் நிற்கும் இந்த விதியை இதுவரை யாரும் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளாதது வியப்புதான். பட்டம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று இதை எழுதத் துணிந்தோம்.

முதலில் ஆய்வெல்லை. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையை ஒட்டிய 3 கடல் மைலை, அதாவது சுமார் 5.5 கிலோமீட்டரை, விசைப்படகுகள் நுழையாதபடி நாட்டுப் படகுகளுக்கென்று ஒதுக்கியது. குல்லாக்காரர் எறியும் ஈயக்குண்டு இதில் அலை உடையும் இடத்தைத் தாண்டினாலே பெரிது. மீதிக் கடலைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை, அவரும் படுவதில்லை.

குல்லாவுக்குக் காரணம் குளிர் என்கிறார்கள். சென்னை நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. அது நடந்தது 1905இல். அன்று நடுங்கியவர் எவரும் இன்று சாட்சி சொல்ல இல்லை. இந்நாளில் மார்கழி விடியல் 20 டிகிரியை ஒட்டி நிற்கிறது. அதே நேரத்தில் கடல்நீர் ஏறத்தாழ 26 டிகிரி. நிலம் இரவோடு இரவாக ஆறிவிடும். கடல் அத்தனை சீக்கிரம் ஆறாது. கோடையில் 29, 30 என்று இருந்த நீர் மூன்று நான்கு டிகிரி இறங்குவதற்கே மாதக்கணக்கில் ஆகிறது. ஆக, அந்த வேளையில் அந்த இடத்தில் கதகதப்பாக இருப்பது மீன் ஒன்றுதான். தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாத பிராணி சுகமாக நீந்துகிறது. 37 டிகிரியை உள்ளுக்குள் வைத்திருக்கும் பிராணி கரையில் பல்லைக் கிட்டிக்கொண்டு நிற்கிறது. "குளிருக்கு மீனெல்லாம் ஆழத்துக்குப் போயிடுச்சு" என்று குல்லாவின் திறப்பு வழியே வெளிவரும் விளக்கத்தை இத்துடன் தள்ளுபடி செய்கிறோம்.

அடுத்து இலக்கணம். அகப்பொருள் மரபில் நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதும் பொது. முன்பனியைச் சிறப்பாக உரிமை கொண்டாடுவது குறிஞ்சி. நெய்தலின் சிறுபொழுது எற்பாடு. வைகறையோ மருதத்தின் சொத்து. அப்படியென்றால் நம் ஆய்வுப்பொருள் நெய்தல் நிலத்தில், மருதத்தின் பொழுதில், குறிஞ்சியின் தலையோடு நிற்கிறார். வெறும் திணைமயக்கம் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் உரிப்பொருள்கள் விடமாட்டேன் என்கின்றன. நாலு மணிக்கு அலாரம் வைத்து வீட்டையே எழுப்பிவிட்டுக் கிளம்பியதில் மருதத்தின் ஊடல் முறைப்படி தொடங்கிவிடுகிறது. எட்டு மணிக்குக் காலிக் கூடையை எட்டிப் பார்க்கையில் நெய்தலின் இரங்கல் வந்து சேருகிறது. முள்ளும் மீனும் கூட வேண்டிய குறிஞ்சியின் உரிப்பொருள் மட்டும் கைகூடுவதில்லை. உரையாசிரியர்கள் எவரும் தூண்டில் போட்டதாகத் தெரியவில்லை. போட்டிருந்தால் இதற்கு ஒரு புறனடை எழுதியிருப்பார்கள்.

குளிர் இல்லையென்றால் மாறுவதுதான் என்ன? காற்றும் தண்ணீரும். ஐப்பசியில் வாடை இறங்கியதும் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காகத் திரும்பிவிடுகிறது. கங்கையும் கோதாவரியும் கிருஷ்ணாவும் கடலில் கொட்டிய நன்னீரை அது கரையோரமாகவே இழுத்து வருவதால் நம் கடலின் உப்பும் குறைகிறது. காசிக்குப் போக வசதியில்லாதவர்கள் கார்த்திகையில் பெசன்ட் நகரில் கால் நனைத்தால் போதும் என்பது எங்கள் தாழ்மையான கருத்து. போதாததற்கு அடையாறு தன் முகத்துவாரத்தைத் திறந்துகொண்டு சேற்றைத் தள்ளுகிறது. தண்ணீர் கலங்கினால் கண்ணால் பார்த்து வேட்டையாடும் பாறை போன்ற மீன்கள் விலகிப்போகும். வாசனையைப் பிடித்து வரும் கெளுத்தி வரும், விஷ முள்ளோடு. எறிந்த நரம்பு தெற்கே இழுபட்டுப் பக்கத்தில் நிற்பவரின் நரம்போடு பின்னிக்கொள்ளும். அதைப் பிரிக்க ஆகும் நேரத்தில் பேத்தை வந்து இறாலைத் தின்றுவிட்டு, அலகு போன்ற நாலு பல்லால் நரம்பையும் கத்தரித்துவிட்டுப் போகும். தப்பித்தவறி மாட்டினாலும் பந்தாக ஊதிக்கொண்டு பார்க்கும். நஞ்சுள்ள மீன், குழம்புக்கும் ஆகாது.

இரண்டாம் இனத்தார், அதாவது குப்பத்துக்காரர், இதையெல்லாம் அறிந்தவர். கைலியும் தலையில் ஒரு துண்டும்தான் உடை. வாடை தணிந்ததா, தண்ணீர் தெளிந்ததா, வெள்ளம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிறார். சரியில்லையென்றால் படகின் நிழலில் உட்கார்ந்து வலையைச் சீர்பார்க்கிறார், அல்லது வீச்சுவலையோடு முகத்துவாரத்துக்குப் போய் மடவை பார்க்கிறார். குல்லாக்காரர் பார்ப்பது அலுவலக விடுமுறைப் பட்டியலை.

எங்கள் கருதுகோள் நிலைபெறுவது இங்கேதான். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, எவ்வளவு ஈரத்தோடு வருகிறது என்று மனிதனுக்குச் சொல்லும் கருவிகள் காதும் பிடரியும். குரங்குக் குல்லா மூடுவது மிகச் சரியாக அந்த இரண்டையும்தான். தலைத்துண்டு காதை வெளியே விடுகிறது. ஆகவே குல்லா என்பது குளிரின் விளைவல்ல, மீனின்மையின் காரணம். மீன் கிடைக்காதவர்தான் முகத்தை மறைக்கக் குல்லா போடுகிறார் என்று ஓர் எதிர்க்கட்சி உண்டு. அப்படியானால் தூண்டில் போடுமுன்பே ஏன் போடுகிறார் என்று கேட்டோம். அனுபவம் என்றார்கள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

குல்லாவின் பொருளாதார விளைவையும் சொல்லியாக வேண்டும். எட்டரை மணிக்கு அது நொச்சிக்குப்பத்து மீன் கடைகளின் முன் மெல்ல நகர்வதைக் காணலாம். விவரம் போதாதவர் வஞ்சிரம் வாங்கி, கரையில் நின்று பிடித்ததாக வீட்டில் சொல்லி அகப்பட்டுக்கொள்வார். தேர்ந்தவர் கரையோர மீனாகப் பார்க்கிறார். ஆனால் தேர்ந்தவரையும் தூரத்திலேயே குல்லா காட்டிக்கொடுத்துவிடுகிறது. பலகைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மா அவர் வாயைத் திறக்குமுன்பே விலையை ஏற்றிவைத்துக் காத்திருக்கிறார்.

"இன்னா சார், இன்னிக்கும் ஒண்ணும் மாட்லயா? ஐஸ் போடாத கெயங்கான் கீது, எட்த்துனு போ. வஞ்சிரம் வாணாம், வூட்ல நம்ப மாட்டாங்க."