சர்க்கரை சேர்க்காத சாஸும் அதில் சேர்ந்திருக்கும் சர்க்கரையும்

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமையன்று கொண்டாடப்படும் தேங்க்ஸ்கிவிங், அதாவது விளைச்சலுக்கும் பிற நலன்களுக்கும் நன்றி சொல்லும் விடுமுறை நாள், வான்கோழியை நடுநாயகமாகக் கொண்ட பண்டிகை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும் அந்நாளின் அடுக்களைப் பூசல்களைக் கூர்ந்து நோக்குவோர், வான்கோழி வறண்டுவிட்டது என்ற ஆண்டாந்தரக் குறையைத் தவிர அப்பறவையைப் பற்றிக் கொள்கைச் சண்டை ஏதும் எழுவதில்லை என்பதையும், உண்மையான பிணக்குகள் அதன் அருகே ஒரு சிறு கிண்ணத்தில் வைக்கப்படும் கிரான்பெர்ரி சாஸைச் சுற்றியே மூள்கின்றன என்பதையும் அறிவர். இச்சண்டையில் நெடுங்காலம் இரண்டு அணிகளே இருந்தன: கடையில் வாங்கிய டின்னைத் திறந்து தட்டில் கவிழ்க்கும் அணி ஒன்று, பழத்தை வாங்கிவந்து அடுப்பில் காய்ச்சும் அணி மற்றொன்று. அண்மைக் காலத்தில் இவ்விரண்டாம் அணியிலிருந்து பிரிந்த ஒரு பிரிவினர், வெள்ளைச் சர்க்கரையைக் கையாலும் தொடுவதில்லை என்ற விரதத்துடன், மேப்பிள் பாகு, தேன், பேரீச்சம்பழம் ஆகிய இயற்கை இனிப்புகளைக் கொண்டு சாஸ் செய்யும் மூன்றாம் அணியாக உருவெடுத்துள்ளனர். இவர்களுடைய ஊக்கம் போற்றத்தக்கது. கணக்கு மட்டும் சற்றே ஆராயத்தக்கது.

ஆராய்ச்சியைப் பழத்திலிருந்து தொடங்குவதே முறை. கிரான்பெர்ரி என்பது வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டு, அமிலத்தன்மை மிகுந்த மணற்பாங்கான சதுப்பு நிலத்தில் தரையோடு படரும் ஒரு சிறு கொடியின் பழம். இன்று அமெரிக்க விளைச்சலில் பாதிக்கு மேல் விஸ்கான்சின் மாநிலத்திலும், அதற்கடுத்த பெரும்பங்கு மாசசூசெட்ஸிலும் கிடைக்கிறது. பழத்தைக் குறுக்கே நறுக்கினால் வெளிறிய சதைக்கு நடுவே நான்கு காற்றறைகள் தென்படும். தோட்டத்தில் நீரைப் பாய்ச்சினால் பழங்கள் மிதந்து மேலே வருவதும், நல்ல பழம் தரையில் விழுந்தால் துள்ளுவதும் இவ்வறைகளின் உபயமே. துள்ளும் பழம் நல்லது, துள்ளாமல் கிடப்பது சொத்தை என்ற விதியின்படி, சாய்ந்த பலகைகளில் பழங்களைக் குதிக்கவிட்டுத் தரம் பிரிக்கும் இயந்திரங்களே உண்டு. ஆனால் இதனைக் கனி என்று அழைப்பதற்கான தகுதி தாவரவியலைச் சார்ந்ததேயன்றி நாவைச் சார்ந்ததன்று. 100 கிராம் பழத்தில் ஏறத்தாழ 4 கிராம் சர்க்கரையே உள்ளது. மாம்பழத்தில் இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் உண்டு. புளிப்பில் எலுமிச்சைச் சாற்றுக்குப் பக்கத்தில் நிற்கும் இப்பழம், அது போதாதென்று டானின் எனப்படும் துவர்ப்புப் பொருளையும் உள்ளே வைத்திருப்பதால், பச்சையாக ஒன்றைக் கடித்தவருடைய முகம் முதலில் புளிப்புக்கு ஒருமுறையும், பிறகு துவர்ப்புக்கு ஒருமுறையும், ஆக இரண்டு தவணைகளில் சுருங்கும்.

இத்தகைய பழம் ஒரு நாட்டின் பண்டிகைப் பண்டமாக உயர்ந்தது எவ்வாறு என்ற வினாவுக்கு, சர்க்கரை மலிவானதே விடை என்று சொல்லிவிடலாம். 1621ஆம் ஆண்டு பிளிமத்தில் ஆங்கிலேயக் குடியேறிகளும் அம்மண்ணின் வாம்பனோக் மக்களும் சேர்ந்து உண்ட அறுவடை விருந்தே இப்பண்டிகையின் மூலம் எனப்படுகிறது. ஆனால் அன்றைய பந்தியில் கிரான்பெர்ரி சாஸ் இருந்ததற்கு ஆதாரம் இல்லை, அதைக் காய்ச்சும் அளவுக்குச் சர்க்கரையும் அவர்களிடம் இல்லை. பூர்வகுடி மக்கள் இப்பழத்தைச் சர்க்கரையின் துணையின்றியே பயன்படுத்தினர் என்னும் செய்தி மூன்றாம் அணியினருக்கு உற்சாகம் ஊட்டக்கூடும். எனினும் அம்மக்கள் அதனை உலர்ந்த இறைச்சியோடும் உருக்கிய கொழுப்போடும் சேர்த்து இடித்துப் பெமிக்கன் என்னும் வழிப்பயண உணவாக்கினர் என்பதையும் உடன் சொல்லிவைப்பது நேர்மை. 1796இல் ஹார்ட்ஃபோர்டில் அச்சான அமீலியா சிம்மன்ஸின் சமையல் நூலில்தான் வான்கோழியும் கிரான்பெர்ரி சாஸும் அருகருகே பரிமாறப்படுகின்றன.

டின்னின் வரலாறு அதற்குப் பிந்தியது. வழக்கறிஞராக இருந்து கிரான்பெர்ரித் தோட்டக்காரரான மார்கஸ் யூரன், 1912இல் சாஸைக் காய்ச்சி டின்னில் அடைத்து விற்கத் தொடங்கினார். அடிபட்டதால் பழமாக விற்க இயலாதவற்றுக்கும் இதனால் வழி பிறந்தது. 1941 முதல் நாடெங்கும் பரவிய கெட்டிச் சாஸோ, டின்னிலிருந்து ஒரு உறிஞ்சொலியுடன் நழுவி விழும்போது, டின்னின் வளையக் கோடுகள் உடம்பெல்லாம் பதிந்த செந்நிற உருளையாகவே தட்டில் நிற்கும். அதன் உட்பொருள் பட்டியலில் மக்காச்சோளப் பாகுக்குப் பின்னால் சிட்ரிக் அமிலமும் இடம்பெறுகிறது; கிரான்பெர்ரிக்குப் புளிப்பு போதவில்லை என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார் என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. இந்த உருளையை இழிவாகப் பேசுவோர் பலர். ஆனால் அது இல்லாத பந்தியில் முதலில் முகம் வாடுவோரும் அவர்களுக்குள்ளேயே இருப்பர். 1959இல், தேங்க்ஸ்கிவிங்குக்கு இரண்டரை வாரமே இருக்கையில், ஒரு பகுதி விளைச்சலில் களைக்கொல்லி எச்சம் இருப்பதாக அரசு அறிவித்தபோது விற்பனை சரிந்தது. வெள்ளை மாளிகையிலேயே ஆப்பிள் சாஸ் பரிமாறப்பட்டது. ஆனால் வாக்குகளைத் தேடிக்கொண்டிருந்த துணைக் குடியரசுத் தலைவர் நிக்சன் விஸ்கான்சினில் நான்கு முறை கேட்டு வாங்கி உண்டார். செனட்டர் கென்னடி தம் பங்குக்குக் கிரான்பெர்ரிச் சாற்றைக் குடித்துக் காட்டினார். அரசியலுக்காக மனிதர் எதையெல்லாம் விழுங்குகின்றனர் என்பதற்கு இது மிதமான சான்று.

இனிக் கணக்குக்கு வரலாம். பழம் விற்கப்படும் பையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள செய்முறையே பெரும்பாலான வீடுகளில் வேதவாக்கு: 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம் பழம், ஒரு கப் தண்ணீர், ஒரு கப் சர்க்கரை. அந்த ஒரு கப் என்பது 200 கிராம். இதைக் கண்டு திடுக்கிடும் உடல்நலப் பற்றாளர், சர்க்கரை டப்பாவை அலமாரியின் மேல்தட்டுக்கு அனுப்பிவிட்டு, அரை கப் மேப்பிள் பாகையும் தண்ணீருக்குப் பதிலாக முக்கால் கப் ஆரஞ்சுச் சாற்றையும் எடுத்துக்கொள்கிறார். மேப்பிள் பாகு என்பது, குளிர்காலம் முடியும் தறுவாயில் மேப்பிள் மரத்தில் துளையிட்டு வடித்த நீரை, ஏறத்தாழ 40 லிட்டருக்கு ஒரு லிட்டர் தேறும்வரை சுண்டக் காய்ச்சிப் பெறுவது. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்போருக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. இப்பாகின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. அச்சர்க்கரையும் பெரும்பாலும் சுக்ரோஸ், அதாவது மேல்தட்டுக்கு அனுப்பப்பட்ட டப்பாவில் இருக்கும் அதே பொருள். அரை கப் பாகில் ஏறத்தாழ 105 கிராம், ஆரஞ்சுச் சாற்றில் ஏறத்தாழ 15 கிராம், ஆகமொத்தம் 120 கிராம் என்று கணக்கிட்டால், 200 கிராம் 120 ஆகக் குறைந்துள்ளது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் குறைத்தது மேப்பிள் மரமன்று. ஒரு கப் அரை கப் ஆனதே குறைத்தது. அதே மனவுறுதியோடு வெள்ளைச் சர்க்கரையையே அரை கப் போட்டுத் தண்ணீரைத் தண்ணீராகவே விட்டிருந்தால், 100 கிராமோடு காரியம் முடிந்திருக்கும். புகழ் முழுவதும் மரத்துக்குப் போய்ச் சேர, கப்பைப் பாதியில் நிறுத்திய கைக்கு ஒரு வார்த்தை நன்றிகூட இல்லை; அதுவும் நன்றி சொல்வதற்கென்றே விடுமுறை விடப்பட்ட நாளில்.

தேன் அணியினரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தேன் நீரைவிடவும் பாகைவிடவும் அடர்த்தி மிக்கது என்பதால் அரை கப் தேனில் ஏறத்தாழ 140 கிராம் சர்க்கரை அடங்கியிருக்கும். எனவே வெள்ளைச் சர்க்கரையின் அரை கப்பைக் காட்டிலும் 40 கிராமை மிகுதியாகச் சேர்த்துவிட்டு, சர்க்கரையே சேர்க்கவில்லை என்று விருந்தினரிடம் மலர்ந்த முகத்துடன் அறிவிக்கும் பேறு அவர்களுக்கே வாய்க்கிறது. வெல்லமும் கருப்பட்டியும் எங்கள் பக்கம் என்று இவ்விடத்தில் தமிழர் குறுக்கிட்டால், அவையும் பெரும்பாலும் சுக்ரோஸே என்று சொல்லி அமர்த்த வேண்டியிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல், அளவோடு கொள்ள வேண்டிய சர்க்கரைகளின் வகையில் தேனையும் பாகையும் பழச்சாற்றையும் வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறது. முழுப் பழத்தினுள் இருக்கும் சர்க்கரைக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே பேரீச்சம்பழத்தை ஊறவைத்து அரைத்துச் சேர்ப்போர் சட்டப்படி தப்பிவிட்டதாகச் சொல்லிக்கொள்கின்றனர். பெரிய மெஜூல் பழம் ஒன்றில் ஏறத்தாழ 16 கிராம் சர்க்கரை இருந்தாலும் நார்ச்சத்து உடன் வருகிறது என்பது அவர்கள் கட்சியின் வலு. ஆனால் செக்கச்சிவந்து மின்ன வேண்டிய சாஸ், பேரீச்சை விழுது சேர்ந்ததும் பழுப்பேறி மந்தித்துவிடுவதால், கிண்ணத்தில் இருப்பது என்ன என்று பந்தியில் ஒருவராவது கேட்காமல் இருப்பதில்லை.

இவ்வளவு சொன்னதால் மேப்பிள் பாகு வீண் என்பது பொருளன்று. அதன் புகைமணம் கலந்த இனிப்பு கிரான்பெர்ரியின் கூர்மையை வெள்ளைச் சர்க்கரையைவிட நயமாகத் தணிக்கிறது; நாவுக்கு இதமாக இருக்கிறது என்ற எளிய காரணத்தைச் சொல்லிச் சேர்த்தால் மறுப்பார் யாருமில்லை. சிக்கல், அதனை மருந்தாக அறிமுகப்படுத்துவதில்தான் இருக்கிறது.

செய்முறை எளிது. அழுத்தினால் குழையும் பழங்களைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியை அடிகனமான பாத்திரத்தில் பாகுடனும் சாற்றுடனும் இட்டு, ஒரு சிட்டிகை உப்பும், சீவிய ஆரஞ்சுத் தோலும், விருப்பமுள்ளோர் ஒரு துண்டுப் பட்டையும் சேர்த்து நடுத்தரத் தீயில் வைத்தால், கொதி வந்த சற்று நேரத்தில் முதற்பழம் ‘பட்’டென்று வெடிக்கும், பிறகு ஒன்றைத் தொட்டு ஒன்றாக அத்தனையும் வெடிக்கத் தொடங்கும். கடுகு தாளித்துப் பழகிய கை இவ்வோசை கேட்டதும் தானாகவே மூடியைத் தேடும். ஆனால் முழுக்க மூடினால் நுரைத்துப் பொங்கி அடுப்பெல்லாம் வழியும், மூடாவிட்டால் சுவரிலும் சட்டையிலும் செம்புள்ளி விழும் என்பதால், மூடியைச் சாய்த்து வைத்துவிட்டு ஓரடி தள்ளி நிற்பதே பெரியோர் வழி. பத்து நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். அந்நேரத்தில் சாஸ் நீர்த்துப்போய்த்தான் தோன்றும். அதைக் கண்டு அஞ்சி மேலும் கொதிக்கவிட்டோர் மறுநாள் கத்தியால் வெட்டிப் பரிமாற நேரிடும். கிரான்பெர்ரியில் பெக்டின், அதாவது பழச்சாற்றை இறுக்கிக் கூழாக்கும் நார்ப்பொருள், நிறைய உண்டு. அது தன் வேலையை ஆறும்போதுதான் செய்கிறது. ஆனால் அவ்வேலைக்கு அமிலத்தோடு சர்க்கரையும் துணைநிற்க வேண்டும் என்பதால், இனிப்பைக் குறைத்தோரின் சாஸ் சற்று இளகியே இருக்கும். சிலர் இதற்குச் சியா விதையைத் தூவுகின்றனர். அது நீரை இழுத்து இறுகுவது மெய், ஆயினும் பற்களுக்கிடையே ஒட்டிக்கொண்டு விருந்து முடியும்வரை உடன் வருவதும் மெய்.

சர்க்கரையை உண்மையிலேயே குறைக்க விரும்புவோருக்கு ஒரு நேர்வழி இருக்கிறது. இனிப்பைக் கூட்டுவதற்குப் பதிலாகப் புளிப்பைக் குறைப்பதே அது: கால் தேக்கரண்டி ஆப்பசோடாவைக் கொதிக்கும் பழத்தில் சேர்த்தால், அமிலத்தின் ஒரு பகுதி முறிந்து, குறைந்த சர்க்கரையே போதுமானதாகிவிடும். சேர்த்தவுடன் பாத்திரம் சீறிக்கொண்டு நுரைக்கும். அளவு மிஞ்சினால் பழத்தின் செந்நிறமி காரத்தன்மைக்கு ஊதாவாக மாறி, சாஸ் மை நிறம் கொள்ளும். இவ்வழி மலிவானது, பயன் தருவது. ஆனால் சோடா சேர்த்தோம் என்று பந்தியில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்ற ஒரே குறையால் பெரும்புகழ் பெறவில்லை.

அமெரிக்கத் தமிழர் வீடுகள் பலவற்றில் இப்பழம் இந்த விவாதம் எதற்கும் பிடிகொடாமல் தொக்காகிவிடுகிறது. புளி கரைக்கும் வேலையே இல்லாமல் நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம், வெந்தயப் பொடி, மிளகாய்ப் பொடி ஆகியவற்றோடு வதங்கும் கிரான்பெர்ரி, கடைசியில் ஒரு சிறு கட்டி வெல்லத்தையும் வாங்கிக்கொண்டு தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் அமர்ந்துகொள்ளும். அவ்வெல்லத்தைப் பற்றி யாரும் அறிக்கை விடுவதில்லை.

மூன்றாம் அணியின் சாஸ் பந்திக்கு வந்தபின் நடப்பது ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் ஒன்றே. விருந்தினர் கரண்டி நுனியில் எடுத்துச் சுவைத்து, ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து, “வித்தியாசமாக இருக்கிறது” என்பர். தமிழ் வீடுகளில் புதுமணப்பெண்ணின் முதல் சாம்பாருக்கு வழங்கப்படும் அதே சான்றிதழ்தான் இதுவும். பத்துப் பேர் பந்தியில் ஒருவர் பங்குக்கு மிச்சமாகும் சர்க்கரை 8 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி. அதே மேசையில் மார்ஷ்மெல்லோ மிட்டாய் உருகி வழியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும், மக்காச்சோளப் பாகில் ஊறிய பீக்கன் கொட்டைப் பை என்னும் இனிப்புப் பண்டமும் காத்திருக்கின்றன. அப்பையின் ஒரு துண்டிலேயே இச்சேமிப்பு பலமடங்காகக் கரைந்துவிடும். இரண்டாம் துண்டையும் முதலில் கேட்டு வாங்குபவர், சாஸில்தான் சர்க்கரையே இல்லையே என்ற நியாயத்துடன், சாஸைச் செய்தவரே.